குரல் சான்று, உருவம் புனைவு: அமிழ்வு இதழியலின் நம்பகத்தன்மை

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு தேவாலய வாசல். இலவச உணவுக்காக நீண்ட வரிசை. காத்து நின்ற நீரிழிவு நோயாளி ஒருவர், உணவு கைக்கு வருமுன்பே ரத்தச் சர்க்கரை இறங்கித் தரையில் சாய்கிறார். இக்காட்சியை வைத்து நோனி டி லா பென்யா உருவாக்கிய ‘ஹங்கர் இன் லாஸ் ஏஞ்சல்ஸ்’ என்னும் மெய்நிகர் படைப்பு 2012 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டபோது, ஹெட்செட் அணிந்தவர்களில் சிலர் மண்டியிட்டு, விழுந்தவரைத் தொடப் பார்த்தார்கள். கைக்குத் தட்டுப்பட்டது வெறுந்தரை.

பார்ப்பவரைச் சம்பவத்துக்குள்ளேயே நிறுத்தும் இத்தகைய அமிழ்வு இதழியல் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த நெகிழ்ச்சியோடு நின்றுவிடுகிறது. ஆராய வேண்டியது வேறு. அந்த வரிசையில் கேட்கும் குரல்கள் 2010இல் சம்பவ இடத்திலேயே பதிவானவை. மனித உருவங்களோ கணினியில் ஆக்கப்பட்டவை. காதுக்கு எட்டுவது சான்று, கண்ணுக்குத் தெரிவது மறுஆக்கம். ஹெட்செட்டுக்குள் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

நேரடியாகப் படமெடுத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா? 2015 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சத்துக்கும் அதிகமான சந்தாதாரர்களுக்கு கூகுள் கார்ட்போர்டு என்னும் அட்டைக் கண்ணாடியை அனுப்பியது. அதில் பார்ப்பதற்காக வெளியிட்ட ‘தி டிஸ்பிளேஸ்டு’, தெற்கு சூடான், உக்ரைன், சிரியா ஆகிய நாடுகளின் போர்களால் வீடிழந்த மூன்று குழந்தைகளைக் காட்டியது. இதைப் படமெடுத்ததுபோன்ற 360 டிகிரி கேமராவுக்குப் பின்புறம் என்று ஓர் இடமே கிடையாது. செய்தியாளர் காட்சிக்குள் நிற்க வேண்டும், அல்லது எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும். ஒளிந்துகொண்டால், அங்கே யாருமே இல்லாததுபோல ஒரு தோற்றம் எழுகிறது. சட்டகம் இல்லாததால் சார்பும் இல்லை என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. கேமராவை எங்கே வைப்பது, எந்த உயரத்தில் வைப்பது, காட்சியை எப்போது வெட்டுவது என்று முடிவெடுப்பவர் அங்கேதான் இருக்கிறார். பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அவர் தெரிவதில்லை.

அதே ஆண்டு இயக்குநர் கிறிஸ் மில்க் மெய்நிகர் தொழில்நுட்பத்தைப் பரிவை உண்டாக்கும் எந்திரம் என்று வர்ணித்தார். ஜோர்டானின் சாத்தாரி அகதி முகாமில் வாழ்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி, ஐக்கிய நாடுகள் அவைக்காக உருவான ‘கிளவுட்ஸ் ஓவர் சித்ரா’ அவர் காட்டிய எடுத்துக்காட்டு. உளவியலாளர் பால் ப்ளூம் இதை மறுத்தார். அவர் மறுப்பு மிகச் சரியானது. அகதியின் துயரம் கூடாரத்தின் தோற்றத்தில் இல்லை, அதைவிட்டு வெளியேற முடியாமையில் இருக்கிறது. ஹெட்செட்டை நினைத்த நேரத்தில் கழற்றிவிடலாம்.

ஆகவே பரிவைவிட உறுதியான அளவுகோல் ஒன்று தேவை: எது பதிவு, எது ஆக்கம் என்பதைப் படைப்பே காட்டிக்கொடுக்கிறதா? செய்தி நிறுவனத்துக்கு வெளியே உருவான ஒரு முயற்சி இதில் வழிகாட்டுகிறது. சிரியாவின் சைட்னாயா சிறைக்குள் செய்தியாளர்கள் நுழைய முடியாதிருந்த 2016இல், ஃபாரன்ஸிக் ஆர்க்கிடெக்சர் என்னும் ஆய்வுக்குழு அம்னெஸ்டி மனித உரிமை அமைப்புடன் சேர்ந்து, உயிர்தப்பிய கைதிகளை இஸ்தான்புல்லில் சந்தித்தது. சிறையில் பெரும்பாலும் கண் கட்டப்பட்டோ இருட்டிலோ இருந்த அவர்களுக்கு நினைவில் தங்கியது ஒலிதான். ஒலிக்கலைஞர் லாரன்ஸ் அபு ஹம்தான் வெவ்வேறு எதிரொலிகளை ஒலிக்கவிட்டு, நினைவோடு பொருந்துவது எது என்று கேட்டார். அந்தப் பதில்களிலிருந்து அறைகளும் நடைவழிகளும் கணினியில் எழுந்தன. வெளியான இணையப் படைப்பில் கட்டடம் மட்டுமல்ல, அதைச் சொல்லிச் சொல்லிக் கட்டிய சாட்சிகளும் அந்த வேலையில் ஈடுபட்டிருப்பது தெரிகிறது.