தலைக்கணக்கு

வீரகேரளம்புதூர் சிற்றாறு பாயும் பூமி. ஆத்துல தண்ணி புரண்ட வருசத்திலும் சேரிக்குக் கஞ்சிப்பாடு தீர்ந்ததில்லை. வயல் ஒருத்தருக்கு, சேறு நமக்கு. அன்றைய திருநெல்வேலிச் சீமை முழுக்க இதே கதைதான். கண்டிக்குப் போனவர்களை விரட்டியது பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும். தட்டப்பாறை முகாமில் அடைபட்டுக் கிடந்து தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். வேறு மாவட்டத்துச் சனம் மண்டபம் வழியாகப் போனது.

தோட்டங்களுக்குப் போனதில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். கூட்டிப்போன பெரிய கங்காணி பெரும்பாலும் ஆதிக்க சாதிக்காரர். ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. நம்ம சனத்தை முதலில் தலை தலையாக எண்ணியவர் அவர்தான்.

அடுத்து எண்ணியது அரசாங்கம். 1946 இலங்கைக் குடிக்கணக்கில் இந்தியத் தமிழர் 7,80,589 பேர், நாட்டில் 11.7 சதவீதம். வடகிழக்குத் தமிழரைவிடவும் கூடுதல். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பிடித்தது. வேறு தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. கொழுந்து பறிக்கிற கைக்கு ஓட்டும் இருக்கலாமா? டி.எஸ். சேனநாயக்க அரசு 1948இல் குடியுரிமையைப் பறித்தது, 1949இல் ஓட்டைப் பறித்தது. விண்ணப்பித்தால் தருகிறோம் என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். சுமார் எட்டு லட்சம் பேருக்காக மனு போனது. கிடைத்தது 1,34,000 பேருக்குச் சுற்றி. பாட்டன் பிறந்த தேதிக்குக் காகிதம் கேட்டால் லயத்துக்காரன் எங்கே போவான்? மிச்சப்பேர் நாடற்றவர். மலையைக் காடழித்துத் தோட்டமாக்கியவனுக்குப் பட்டம் ‘கள்ளத்தோணி’.

1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் ஆடு பிரிக்கிறவன்கூட தாயையும் குட்டியையும் பார்த்துப் பிரிப்பான். தோட்டத்துச் சனத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் டெல்லிக்கும் இல்லை, கொழும்புக்கும் இல்லை. 1981 கணக்கில் இந்தியத் தமிழர் 5.5 சதவீதம். மக்கள்தொகைப் பிரச்சினையை இப்படியும் ‘தீர்க்கலாம்’.

வந்தவர்களுக்கு இங்கே என்ன கிடைத்தது? அரசு தேயிலைத் தோட்டத்தில் சிலருக்கு வேலை கிடைத்தது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் லயம். தொழில் கடன் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். ஊர் என்றால் எது? மூன்று தலைமுறைக்கு முன்னால் விட்டுப்போன சேரி. நிலமும் கிடையாது, நாதியும் கிடையாது. 1980களில் கொடைக்கானல் மலையில் மரம்வெட்டும் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களிலும் தாயகம் திரும்பியோர் இருந்தார்கள். சாதிச் சான்றிதழுக்கு அலைந்தே பிள்ளைகள் படிப்பு போனது. சாதியால் மிதிபட மட்டும் சான்றிதழ் தேவைப்படவில்லை. அங்கே தோட்டக்காட்டான், இங்கே சிலோன்காரன்.

இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டு, 1984இல் கப்பல் நின்றதால் வராமல் போனவர்கள் உண்டு. 2003இல்தான் இலங்கைச் சட்டம் அவர்களையும் குடிமக்களாக ஏற்றது. அதற்கு முன்பே கலவரத்துக்கு உயிர் தப்பி வந்த மலையகத்தார் இங்கே அகதி முகாமில் அடைபட்டார்கள். தாயகம் திரும்பியோர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொல்லி நிறுத்திக்கொண்டது. அதே வருசம் ஜூனில், அகதி முகாம்களில் இருந்த 65 பேர் போட்ட வழக்கு மதுரைக் கிளையில் தீர்ப்பானது. சட்டவிரோதக் குடியேறிகள் என்பது மத்திய அரசின் வாதம். இந்திய வம்சாவளியினர், விண்ணப்பிக்கட்டும், பரிசீலியுங்கள் என்றது நீதிமன்றம். இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், முப்பது வருசத்துக்கு மேல் முகாமில் இருந்துவிட்டு, விண்ணப்பம் போடுவதற்கே நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.