பின்னலாடைக் கூடங்களில் மின்தீ

மின்கம்பி இணைப்பு, மோட்டார், பேனல் பெட்டி ஆகியவற்றில் எழும் வெப்பம் பஞ்சுத் தூசியைப் பற்றவைப்பதால் நேரும் தீவிபத்து. பனியன் தொழிலின் ஜாப் ஒர்க் திருப்பூர் நகரைத் தாண்டிக் கிராமத்துக் கொட்டகைகளுக்கும் வந்துவிட்டதால், தாராபுரம் வட்டத்துக் குண்டடம் போன்ற ஊர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. குண்டடம் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பலமாக வீசும் காற்று மழையைக் குறைவாகவே தரும். தீ பிடித்தால் வேகமாகப் பரப்பும்.

பஞ்சு ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில் தானே தீப்பற்றும். சாதாரண பிவிசி கம்பியுறை தாங்குவது 70 டிகிரி வரைதான். பேனலில் ஒரு திருகு தளர்ந்தால் அங்கே மின்தடை கூடுகிறது, சூடேறுகிறது. சூட்டில் செம்பு கறுத்துத் தடை மேலும் கூடுகிறது. இதில் மின்னோட்டம் வழக்கமான அளவிலேயே இருப்பதால் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது. எம்சிபி இருக்கிறதே என்ற நிம்மதியில்தான் பல கூடங்கள் இந்த ஆபத்தைக் கவனிக்காமல் விடுகின்றன. உறை நிறம் மாறுவதும் பிளாஸ்டிக் கருகும் நெடியும் முன்கூட்டியே கிடைக்கும் அறிகுறிகள்.

நிட்டிங் மெஷினிலிருந்து பறக்கும் தூசி மோட்டாரின் மேல் படிந்து, சூடு வெளியேறும் வழியை அடைக்கிறது. கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் அந்தத் தூசியைப் பேனலுக்குள்ளேயே தள்ளிவிடும். உறிஞ்சி எடுப்பதே சரி.

தையல் மெஷின் பொருத்திய பவர் டேபிள்களில் கிளட்ச் மோட்டாருக்குப் பதில் சர்வோ மோட்டார் வந்தது மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் அதன் மின்னணுச் சுற்று உண்டாக்கும் ஹார்மோனிக்ஸ் (பல மடங்கு அதிர்வெண்ணில் எழும் துணை மின்னோட்டம்), மும்முனை இணைப்பின் நியூட்ரல் கம்பியில் ஒன்றுசேர்ந்து அதைச் சூடாக்குகிறது. மெலிந்த நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட்டுக்கான கருவிக்கு 400 வோல்ட் அளவுக்கும் மின்னழுத்தம் போகலாம். மும்முனை மோட்டாரில் ஒரு முனை போனாலும் மற்றச் சுருள்கள் கருகும். இதற்கெனத் தடுப்பு ரிலே உண்டு. ஃபியூஸ் கேரியரில் பல இழைச் செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவதை எந்த அவசரத்துக்கும் ஏற்க முடியாது. கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியில், மனித உயிருக்கு 30 மில்லி ஆம்பியரும், தீத்தடுப்புக்கு 300 மில்லி ஆம்பியர் வரையும் அளவு.

உயிர்ச்சேதத்தைப் பெருக்குவது அடைபட்ட வழி. 2010 பிப்ரவரி 25 அன்று வங்கதேசத்தின் காசிப்பூரில் கரீப் அண்ட் கரீப் ஸ்வெட்டர் ஆலைத் தீயில் 21 தொழிலாளர்கள் இறந்தனர். 2019 டிசம்பர் 8 அதிகாலையில் டெல்லி அனாஜ் மண்டியில், பைகள் தைக்கும் பட்டறைகள் இருந்த கட்டடத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 43 பேர் மாண்டனர். இரண்டிலும் மின்கோளாறே காரணமாகச் சொல்லப்பட்டது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, தீத்தடுப்பையும் தப்பும் வழியையும் கட்டாயமாக்கியது. மின்விசையுடன் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்பது அச்சட்டத்தின் வரையறையாக இருந்தது. ஐந்தாறு தையல் மெஷின் ஓடும் கொட்டகை அதற்கு வெளியே நின்றது. தீ அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

தீ பிடித்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அதற்கு முன் தண்ணீர் ஊற்றக் கூடாது. மின்கருவிக்குக் கார்பன் டை ஆக்ஸைடு அல்லது உலர்பொடி அணைப்பான் ஏற்றது. பஞ்சுப் பொதியும் கட்டிங் வேஸ்ட் மூட்டையும் உள்ளே கனன்று, பல மணி நேரம் கழித்தும் மறுபடி எரியும். அவற்றை வெளியே இழுத்துப் பிரித்து நனைக்க வேண்டும். தீயணைப்புத் துறையின் எண் 101, பொது அவசர எண் 112. இரண்டையும் மெயின் சுவிட்ச் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.