சாட்சியில்லா வண்ணங்கள்: அனிமேஷன் படங்களும் திரையிடலின் தரமும்

போகஸ் கலைந்தால் நம் திரையரங்குகளில் உடனே விசில் பறக்கும். ஒலி நின்றுபோனால் கேபினை நோக்கி வசை கிளம்பும். திரையின் வெளிச்சம் பாதியாகக் குறைந்திருந்தாலோ ஒருவரும் வாய் திறப்பதில்லை. சில நிமிடங்களில் கண் மங்கலுக்குப் பழகிவிடுகிறது என்பது ஒரு காரணம். ஆனாலும் மனிதர்கள் நடித்த படத்தில் பார்வையாளரிடம் ஒரு சான்று எஞ்சியிருக்கிறது. முகத்தின் நிறமும் மதிய வெயிலும் வாழையிலையின் பச்சையும் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். காட்சியுளவியலார் ‘நினைவு நிறம்’ என்பது இதைத்தான். நடிகரின் முகம் சாம்பல் பூத்துத் தெரிந்தால் லேம்பில்தான் கோளாறு என்று அவர் ஊகித்துவிட முடியும். அனிமேஷனில் அந்தச் சாட்சி கூண்டேற மறுக்கிறது. அங்கே வானம் ஊதாவாக இருந்தால் அது ஓவியரின் விருப்பம். மங்கியிருந்தால் அதுவும் ஓவியரின் விருப்பமே என்று கொள்ளப்படும். திரையிடலின் குறை இங்கே குறையாகத் தெரியாமல், படைப்பாளியின் நடையாக வாசிக்கப்படுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

டிஜிட்டல் திரையிடலுக்காக ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கூடி வகுத்து 2005-இல் வெளியிட்ட டிசிஐ விதிமுறையின்படி, இருபரிமாணப் படத்தில் வெண்திரையின் ஒளிர்வு 14 அடி-லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா இருக்க வேண்டும். முப்பரிமாணக் காட்சியில் புரொஜெக்டரின் முன்னுள்ள வடிகட்டியும் பார்வையாளரின் கண்ணாடியும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கண்ணை எட்டுவது பல அரங்குகளில் 3 அல்லது 4 அடி-லாம்பர்ட்தான்.

பிக்ஸாரின் ‘அப்’ (2009) இந்தக் கணக்கில் என்னவாகிறது? மனைவி எல்லி இறந்தபின் முதியவர் கார்லின் உலகிலிருந்து நிறம் வடிந்துபோகிறது. பலூன்கள் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு எழும்போது அது பொங்கித் திரும்புகிறது. வசனம் செய்ய வேண்டிய வேலையை இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் செய்துவிடுகிறது. ஒளிர்வு குறையக் குறைய நிறங்கள் செறிவிழந்து தோன்றும். இதை ஹன்ட் விளைவு என்பார்கள். மங்கிய திரையில் சாம்பல் சாம்பலாகவே இருக்க, பலூன்கள்தான் அதன் பக்கம் நகர்ந்துவிடுகின்றன. முப்பரிமாணப் பிரதிக்கெனத் தனி வண்ணச் சீரமைப்பு செய்வது வழக்கம்தான். ஆனால் அரங்கில் இல்லாத ஒளியைச் சீரமைப்பால் வரவழைக்க முடியாது. இப்படத்தை முதலில் கண்ணாடி அணிந்து பார்த்த நான், ‘பலூன்களில்கூட எத்தனை அடக்கம்’ என்று குறிப்பேட்டில் வியந்து எழுதியிருந்தேன். பின்னர் இருபரிமாணத்தில் பார்த்தபோது அடக்கம் என்று அங்கே ஏதுமில்லை. அந்தப் பாராட்டு கண்ணாடிக்குச் சேர வேண்டியது.

கண்ணாடி இல்லாவிட்டாலும் தப்பிவிட முடியாது. முப்பரிமாண லென்ஸைக் கழற்றாமலேயே சாதாரணப் படங்கள் ஓட்டப்படுவதை 2011-இல் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. முப்பரிமாணத்துக்காக மாட்டிய வெள்ளித்திரையிலேயே எல்லாப் படத்தையும் காட்டும் அரங்குகளும் உண்டு. அத்திரையில் நடுப்பகுதி பளிச்சென்றும் ஓரங்கள் சோர்ந்தும் தெரியும். நடிகர்களின் படத்தில் சுவரின் கரடும் துணியின் இழையும் இதை மூடிவிடும். ஒரே வண்ணம் பூசிய, கையால் வரைந்த வானத்தில் அது ஒளிய இடமேது?

பார்வையாளர் அவ்வளவு ஏமாளியா என்று கேட்கலாம். மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) மறு ஆண்டு ஜப்பானில் டிவிடியாக வந்தபோது, சிவப்பு தூக்கலாக இருக்கிறது என்று புகார்கள் எழுந்து வழக்கு வரை போனது உண்மை. ஆனால் அந்தப் படம் ஜப்பானில் அதுவரை இருந்த வசூல் சாதனையை முறியடித்த படம். டிவிடி வாங்கிய பலருக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் திரையரங்க நினைவு ஒன்று இருந்தது. முதன்முறை பார்ப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அந்தச் சிவப்பை அவர் மியாசாகியின் அந்தி என்று எண்ணியிருக்கலாம்.

இதே குழப்பம் எதிர்த்திசையிலும் நிகழும். ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ (2018) பழைய காமிக்ஸ் அச்சில் மைகள் விலகிப் பதிந்ததைப் போல, போகஸுக்கு வெளியே உள்ளவற்றின் வண்ணங்களைப் பிரித்து விலக்கிக் காட்டியது. முப்பரிமாணக் கண்ணாடி தர மறந்துவிட்டார்களோ என்று ஐயப்பட்டவர்கள் உண்டு. நடையைக் கோளாறு என்று கொண்ட அரிதான தருணம் அது. முன்னால் நிற்கும் முகம் கத்திமுனைபோல் கூர்மையாக இருந்தால்தான் பின்னணியின் விலகல் திட்டமிட்டது என்று புரியும். லென்ஸே தளர்ந்துகிடக்கும் அரங்கில் இரண்டும் ஒரே சேறு.

இப்படமே என் வாதத்துக்கு ஒரு சிக்கலையும் வைக்கிறது. காட்டில் ஊசலாடும் காட்சியில் கைதேர்ந்த ஸ்பைடர்-மேனான பீட்டர் நொடிக்கு 24 படங்களாகவும், இன்னும் கைதேறாத சிறுவன் மைல்ஸ் 12 படங்களாகவும் அசைகிறார்கள். சிறுவனின் தடுமாற்றம் அந்தத் தாளத்திலேயே இருக்கிறது. கண் துடிப்பை உணரும் நுட்பம் ஒளிர்வோடு சேர்ந்து ஏறும் என்பது ஃபெரி-போர்ட்டர் விதி. மிகப் பிரகாசமான திரையில் அந்தத் தடுமாற்றம் வெட்டுவெட்டாக உறுத்தக்கூடும். மங்கிய திரையில் வழுக்கிக் காணாமல் போகக்கூடும். வெளிச்சம் கூடினால் தரம் கூடும் என்ற எளிய கணக்கு இங்கே உதவாது.

அப்படியானால் எதை அளவுகோலாகக் கொள்வது? டிஜிட்டல் கோப்பையா? ‘டாய் ஸ்டோரி’ (1995) முழுக்கக் கணினியில் பிறந்தாலும் அரங்குகளில் ஓடியது 35 மி.மீ. ஃபிலிமில். ஃபிலிம் வண்ணங்களை மாற்றிவிடும் என்று அறிந்தே கலைஞர்கள் அவற்றைத் தேர்ந்தார்கள். 1999-இல் ‘டாய் ஸ்டோரி 2’ சில அரங்குகளில் டிஜிட்டலாகவே காட்டப்பட்டது. பின்னாளில் முதல் படமும் ஃபிலிமைத் தொடாமல் கோப்பிலிருந்தே புதுப்பிரதி கண்டது. அந்தக் கோப்பு துல்லியமானது. ஆனால் 1995-இல் எந்தப் பார்வையாளரும் அதைப் பார்க்கவில்லை. ‘இன்சைட் அவுட்’ (2015) வந்தபோது, டிசிஐ அளவைவிட இரு மடங்குக்கு மேல் ஒளிரும் டால்பி அரங்குகளுக்கென்று தனிப் பிரதியே தயாரிக்கப்பட்டது. கலைஞர் எந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு முடிவெடுத்தாரோ அதுவே அளவுகோல் என்றால், ஒரே படத்துக்குப் பல அளவுகோல்கள் இருக்கின்றன.

நம் பதிப்பு மரபுக்கு இது புதிதன்று. உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்தவர். எந்த ஏட்டில் கண்ட பாடம் என்பது அந்த மரபில் செய்யுளைப் போலவே கவனிக்கப்பட்டது. அனிமேஷன் ஆய்வுகளில் இயக்குநர் பெயரும் ஆண்டும் தவறாமல் வருகின்றன. எந்தத் திரையில், எந்தப் பிரதியில், கண்ணாடியோடா கண்ணாடியின்றியா என்பது வருவதில்லை. என் பழைய குறிப்பேட்டில் பலூன் வரியை நான் அடிக்கவில்லை. ‘முப்பரிமாணப் பாடம்’ என்று ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.