மிச்சம் என்றொரு வகை

சமன்பாடுகள் வரையறுக்கும் பரப்புகளை இத்தாலியர்களான கஸ்தெல்நுவோவும் என்ரிக்வெஸும் வகை பிரித்தார்கள். 1914இல் என்ரிக்வெஸ் அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். மூன்று வகுப்புகளுக்கு விவரம் இருந்தது, மிச்சமெல்லாம் நான்காவதில். அதற்குப் பின்னால் வந்த பெயர் 'பொது வகை'. பரப்புகளில் பெரும்பாலானவை அங்கேதான் கிடக்கின்றன.

1938இல் முசோலினி அரசின் இனச் சட்டம் என்ரிக்வெஸையே வகைப்படுத்தியது: யூதர். ரோம் பல்கலைக்கழகப் பதவி போச்சு. கஸ்தெல்நுவோவும் யூதர்தான். துரத்தப்பட்ட மாணவர்களுக்காக 1941இல் அவர் ரகசிய வகுப்புகளை ஏற்பாடு செய்தார்.

1977இல் கீசெக்கர், அடையாள எண்களை நிலையாக வைத்தால் பொது வகைப் பரப்புகளுக்கெல்லாம் ஒரு தொகுப்புவெளி உண்டென்று நிறுவினார். அந்த வெளிகளின் கோணலுக்கு எல்லையே கிடையாது என்று 2006இல் வகீல் காட்டினார்.

கணிதத்தின் நான்காம் பெட்டி 'இன்னும் தெரியாது' என்று ஒத்துக்கொள்கிறது. அரசின் பெட்டிக்கோ எல்லாம் தெரியும். ஆபத்து அங்கேதான்.