பெல்மதுளைத் தோட்டங்களும் நத்தார்த் திருநாளும்: பப்டிஸ்து சபை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தமிழ் வழக்கிலே கிறிஸ்து பிறப்புத் திருநாள் ‘நத்தார்’ எனப்படும். போர்த்துக்கீச மொழியின் ‘நத்தால்’ என்னும் சொல்லே இவ்வாறு திரிந்தது. சிங்களத்தில் அது ‘நத்தல’ ஆயிற்று. கத்தோலிக்கக் குருமாருடன் கரையோரத்துக்கு வந்த இச்சொல்லைப் பின்னர் வந்த புரொட்டஸ்தாந்து சபைகளும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டன. ஆனால் அவற்றுள் ஒன்றான பப்டிஸ்து சபை, பெயரை மட்டுமன்றித் திருநாளையே ஒரு காலத்தில் ஏற்காதிருந்த மரபிலே தோன்றியது. அத்தகைய சபை சப்பிரகமுவவின் தோட்டப்புறங்களுக்கு வந்தபோது நத்தார் எவ்வாறு அதன் ஆண்டின் பெருநாளாயிற்று என்பது ஆராயத்தக்க வினா. விடையைச் சமயக் கோட்பாட்டில் மட்டும் தேடினால் அகப்படாது. தோட்டத்தின் செக்குறோலையும் சேர்த்தே புரட்ட வேண்டும்.

ஆங்கிலப் பப்டிஸ்துகளின் முதற் சபை 1609 இல் ஆம்ஸ்ரடாம் நகரில் அகதிகளாய் வாழ்ந்தோரிடையே உருவாயிற்று. 1612 இல் தோமஸ் ஹெல்விஸ் அவர்களுள் ஒரு பகுதியினரை இலண்டனுக்கு அழைத்து வந்தார். அரசனுக்கு மனிதரின் மனச்சாட்சி மீது அதிகாரம் இல்லையென எழுதிய அவர் சிறையிலே மாண்டார். வேதத்திற் கூறப்படாத திருநாள் எதனையும் ஆசரிக்க வேண்டியதில்லை என்பது அக்காலத் தூய்மைவாதிகளின் பொதுக் கொள்கை. 1647 இல் ஆங்கிலப் பாராளுமன்றம் நத்தார்க் கொண்டாட்டத்தைச் சட்டத்தால் தடைசெய்தது. 1660 இல் முடியாட்சி மீளும்வரை தடை நீடித்தது. இம்மனப்பாங்கு எளிதில் மறையவில்லை. இலண்டனின் புகழ்பெற்ற பப்டிஸ்துப் போதகர் ஸ்பர்ஜன் 1871 ஆம் ஆண்டு நத்தாருக்கு முன்தினம் ஆற்றிய பிரசங்கத்திலும், அந்நாளுக்கு வேத ஆதாரம் இல்லையென்று கூறிய பின்னரே கிறிஸ்துவின் பிறப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

திருநாளை ஒதுக்கிய இச்சபையினர் விடாது பற்றியவை இரண்டு. ஒன்று, அறிவு தெளிந்து தானாக விரும்பி வருவோர்க்கே, நீரில் முழுக்கி, ஞானஸ்நானம் அளித்தல். குழந்தைகளுக்கு அது இல்லை. மற்றையது, பேராயரோ அரசரோ அன்றி, ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர் கூடித் தமது சபையைத் தாமே ஆளுதல். இவ்விரண்டும் தோட்டங்களிலே எத்தகைய விளைவைத் தரக்கூடும் என்பதற்கு ஜமெய்க்காத் தீவின் வரலாறு ஒரு சான்று.

அங்குப் பப்டிஸ்து சமயத்தை முதலிற் கொண்டுசென்றவர், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜோர்ஜ் லீல் என்னும் கறுப்பினத்தவர், ஆண்டு 1783. இங்கிலாந்தில் 1792 இல் நிறுவப்பட்ட பப்டிஸ்து மிஷனரிச் சங்கம் 1814 இல் அங்குப் போதகரை அனுப்பியது. 1831 ஆம் ஆண்டு நத்தார் விடுமுறை முடிந்ததும், கூலி தராவிடின் கரும்பு வெட்டுவதில்லை என அடிமைகள் உறுதி பூண்டனர். அவர்களை ஒன்றுதிரட்டியவர் சாமுவேல் ஷார்ப் என்னும் பப்டிஸ்து உதவிக்காரர். வேலைமறுப்பு கிளர்ச்சியாகிக் கொடுமையாக அடக்கப்பட்டது. ஷார்ப் 1832 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். வெள்ளைத் தோட்டக்காரர் பப்டிஸ்து ஆலயங்களைக் கொளுத்தினர். மிஷனரியாகிய வில்லியம் நிப் இங்கிலாந்து சென்று நடந்தவற்றை எடுத்துரைத்தார். அடிமை ஒழிப்புச் சட்டம் 1833 இல் நிறைவேறி, அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 1 ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

இச்செய்தி மலையகத் தமிழர் வரலாற்றுக்கு அயலானதன்று. அடிமை முறை நீங்கியதும் மேற்கிந்தியத் தீவுகளிற் கோப்பி உற்பத்தி வீழ்ந்தது; இலங்கைக் கோப்பிக்கு அது வாய்ப்பாயிற்று. கண்டி மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தென்னிந்தியத் தமிழர் மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்தனர். ஓரிடத்தில் அடிமையின் விலங்கு கழன்றதும் மற்றோரிடத்திற் கங்காணியின் கடன் தொடங்கியதும் ஒரே பொருளியற் சங்கிலியின் இரு கண்ணிகள்.

ஆயின் ஜமெய்க்காவில் நிகழ்ந்தது இங்கு நிகழவில்லை. பப்டிஸ்து மிஷனரியான ஜேம்ஸ் சேற்றர் 1812 இல், தோட்டங்கள் தோன்றுமுன்னரே, பர்மாவிலிருந்து கொழும்புக்கு வந்தார். சிங்களம் கற்று இலக்கணமும் எழுதினார். 1830 இல் வந்த எபனேசர் டானியலும் பெரிதும் சிங்களக் கிராமங்களிலேயே உழைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரத்தினபுரி இம்மிஷனின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. தோட்டத் தமிழரை நோக்கிய பெருமுயற்சியோ 1854 இல் கண்டியில் அங்கிலிக்கன் சபைச் சார்பில் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ ஆகும். அதற்குத் தோட்டத் துரைமாரே பணம் உதவினர். துரையின் அனுமதியின்றி எந்தச் சபையின் உபதேசியாரும் லயத்துக்குட் கால்வைத்தல் அரிது. அடிமைகள் தாமே நடத்திய சபைக்கும், துரை இசைவளித்த சபைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மிஷனரிமாரின் தொண்டினைக் குறைத்துரைப்பது நமது நோக்கமன்று; அதன் எல்லையைச் சுட்டுகிறோம்.

இனிப் பெல்மதுளைக்கு வருவோம். இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் வீதியில், எம்பிலிப்பிட்டிக்குப் பாதை பிரியுமிடத்தில் உள்ள ஊர் அது. சூழவுள்ளவை தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும். அவிசாவளை வழியாக 1912 இல் இரத்தினபுரியை அடைந்த சிறுபாதை ரயில், பெல்மதுளையைக் கடந்து 1919 இல் ஓப்பநாயக்கா வரை சென்றது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1976 இல் மூடப்பட்டது.

இறப்பர்த் தோட்டத்தில் ஞாயிறு ஆராதனை இலகுவான காரியமன்று. வெயில் ஏறுமுன் பால் வெட்ட வேண்டும். வடிந்த பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுக்கையில் முற்பகல் கழிந்துவிடும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேற் ‘பேர்’ இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிற் பல பேரை இழந்த குடும்பத்துக்கு, மழை தணியும் மார்கழியின் ஒவ்வொரு விடியலும் காசு. அம்மாதத்தில் ஒரு நாளை வேலையின்றி ஆலயத்துக்கென ஒதுக்குதல் உண்மையான காணிக்கையே. வாரந்தோறும் கூட இயலாத சபை ஆண்டுக்கொருமுறை முழுமையாகக் கூடும் நாளாக நத்தார் அமைந்தது இதனாலேயே என்பது எமது கருத்து. பண்டிகையை மறுத்த முன்னோரின் வாதம், ஓய்வுநாள் ஒழுங்காகக் கிடைத்த மக்களுக்கே பொருந்தும்.

அம்மாதத்திற் பெல்மதுளையில் வேறொரு யாத்திரையும் தொடங்குகின்றது. சிவனொளிபாதமலையின் சமன் தெய்வத் திருவுருவமும் புனிதப் பொருள்களும் பருவமல்லாக் காலத்திற் பெல்மதுளை கல்பொத்தாவல விகாரையிலே வைக்கப்பட்டு, உந்துவப் போயாவை ஒட்டி மலைக்கு எடுத்துச் செல்லப்படும். லயங்களிலோ மார்கழிப் பஜனையின் காலம் அது. விளக்கேந்தி வீடு வீடாய்ப் பாடிச் செல்லும் நத்தார்க் கீதக் குழு, இச்சூழலில் வெள்ளையர் வழக்கமாகவன்றிப் பஜனையின் உடன்பிறப்பாகவே தோன்றியிருக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனை மரபு அதற்கு இசையளித்தது.

எனினும் பப்டிஸ்து சபையின் தனித்தன்மை பாட்டில் இல்லை. சபைக் கூட்டத்தில் உள்ளது. வேலை, லயத்து அறை, கடன், துண்டு ஆகிய யாவற்றையும் பிறர் தீர்மானித்த ஒரு தொழிலாளியை, ‘நீ விரும்புகிறாயா?’ என்று கேட்டுக் காத்திருந்த நிறுவனங்கள் மிகச் சில. சாதி பார்த்து நீர் அள்ளும் இடத்தில் ஒரே நீரில் யாவரும் முழுகுதலும் சிறு காரியமன்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் மறு ஆண்டுத் தேர்தல் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பான்மையோரின் வாக்கைப் பறித்தன. 1952 இல் அக்கட்சிக்கு ஓராசனமும் இல்லை. அக்காலத்திலும் சபைக் கூட்டத்தில் அவர்களுக்கு, பெண்கள் உட்பட, ஆளுக்கொரு வாக்கு இருந்தது. கங்காணியே மூப்பராயுள்ள சபையிற் கையுயர்த்துவோர் எவ்வளவு சுதந்திரமாய் உயர்த்துவர் என ஐயுறலாம். மிஷன் சம்பளம் பெறும் போதகர் யாருக்குப் பொறுப்புடையவர் என்றும் கேட்கலாம். ஆயினும் கோட்பாடு எழுத்தில் இருந்தது. அதனைச் சுட்டிக்காட்டிப் பேச ஒருவருக்கு இடம் இருந்தது.

அதே கோட்பாட்டுக்கு மறுபுறமும் உண்டு. பிறப்புப் பதிவு சீராக இல்லாத தோட்டத்திற் குழந்தை ஞானஸ்நானப் பதிவேடு ஒருவரின் வயதுக்கும் பிறந்த இடத்துக்கும் எழுத்துச் சான்றாகும். கத்தோலிக்கருக்கும் அங்கிலிக்கருக்கும் அது உண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்காத சபையின் ஏட்டில் அத்தகைய பதிவு எங்ஙனம் இருக்கும்?

இந்நிலையிற் பெல்மதுளைப் பகுதிப் போதகர் ஒருவர் நத்தார் ஆராதனையில் லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை விரிக்கையில், முதலில் எதிர்ப்படுவது தேவதூதர் பாட்டன்று. பேரரசனின் குடிமதிப்புக் கட்டளை. சூல்கொண்ட மனைவியுடன் ஒரு தச்சன் பதிவுக்காகப் பூர்வீக ஊருக்குப் போகிறான். 1964 ஒக்ரோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்க்க விட்டது; 1974 இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். விண்ணப்பத்தோடு கச்சேரிக்கு அலைந்தவருக்கு அவ்வதிகாரத்தை விளக்கப் போதகர் வியாக்கியான நூல் தேடியிருக்க வேண்டியதில்லை. மத்தேயு கூறும் எகிப்துப் பயணமும் அவ்வாறே. 1977 இலும் 1981 ஓகஸ்டிலும் 1983 இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிற் தமிழர் தாக்கப்பட்டனர். பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பெயர்ந்தன. ஒப்பந்தப்படி இந்தியா சென்றோரும் இவர்களுமாக, ஒரு சபையின் உறுப்பினர் பட்டியல் இரு நாடுகளிலும் மூன்று மாகாணங்களிலும் சிதறியிருக்கக்கூடும்.

நாடற்றோராய் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் 35 ஆம் இலக்கச் சட்டம் 2003 இல் நிறைவேறியது. அதன்படி, 1964 ஒக்ரோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைக் குடிகளாயினர்.