வரையப்படாத தங்கை

நம் ஊர்க் கோயில்களில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்பவர் பதுவை அந்தோனியார். நான் சொல்ல வந்தது அவருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு முந்தைய எகிப்தியத் துறவியை, வனத்து அந்தோனியாரை. ஐரோப்பிய ஓவியர்களுக்கு அவருடைய சோதனைகளை வரைந்து அலுக்கவே இல்லை.

யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் 15ஆம் நூற்றாண்டுச் சியன்னா நகரத்து ஓவியம் ஒன்று உள்ளது. இளஞ்சிவப்பு அங்கி அணிந்த பெண் ஒருத்தி நிற்கிறாள், துறவி திடுக்கிடுகிறார். அவள் முதுகில் வௌவால் சிறகு. அதை மட்டும் மறைத்துப் பாருங்கள், வழி கேட்க வந்த அயலூர்ப் பெண்தான். மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் பாட்டினிரும் மஸ்ஸேஸும் சேர்ந்து வரைந்த 16ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் அழகிய இளம்பெண்கள் அவரைச் சூழ்கிறார்கள். ஒருத்தி ஆப்பிளை நீட்டுகிறாள். பின்னால் பல்லிளிக்கும் கிழவி. இளமை என்றால் ஆபத்து, முதுமை என்றால் அருவருப்பு. வேறு எப்படியும் ஒரு பெண் அந்தச் சட்டத்துக்குள் நுழைய முடியாது போலும்.

இந்த ஓவிய மரபுக்கெல்லாம் மூலம், 356இல் அந்தோனியார் இறந்தபின் சில ஆண்டுகளில் அத்தனாசியார் எழுதிய வரலாறு. அதில் அலகை எடுத்தவுடன் பெண் வேடம் போடுவதில்லை. முதலில், விட்டுவந்த சொத்தை நினைவூட்டுகிறது. அடுத்து, தங்கையைப் பற்றிய கவலையை. பெண்ணுருவம் வருவது அதற்கும் பிறகு, ஓர் இரவில்.

ஆம், அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். பெற்றோர் இறந்தபின் அவள் அண்ணனின் பொறுப்பு. அவர் நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். பொருள்களை விற்று ஏழைகளுக்கு வழங்கினார். தங்கைக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்தார். பிறகு அதையும் கொடுத்துவிட்டு, அவளைக் கன்னியர் சிலரிடம் ஒப்படைத்துப் புறப்பட்டார். முதுகலை வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “அந்தப் பொண்ணுகிட்ட யாராவது கேட்டாங்களா, மேடம்?” கேட்டதாக அத்தனாசியார் எழுதவில்லை. அவளுடைய பெயரையும் எழுதவில்லை.

தங்கையைப் பற்றிய கவலை ஒரு சோதனை என்று மூலநூலே சொல்லியிருக்க, தூரிகைகள் ஏன் இரவில் வந்தவளையே தேடிப் போயின? வாசலில் நிற்கும் அழகியை அலகை என்று சொல்லிவிடலாம். விட்டுவந்த தங்கைக்குச் சிறகு வரைய முடியாது. அவளை வரைந்தால் துறவின் கணக்கில் அவள் பங்கு என்ன என்று பார்ப்பவர் கேட்டுவிடுவார்.

1945இல் ஒரு ஹாலிவுட் படத்துக்காக இதே பொருளில் ஓவியப் போட்டி நடந்தது. பரிசு மாக்ஸ் எர்ன்ஸ்டுக்கு. கலந்துகொண்டவர்களில் லியோனோரா காரிங்டன், டோரத்தியா டானிங் என்ற இரு பெண்கள் இருந்தனர். டானிங்கின் ஓவியத்தில் பெண்ணுருவங்கள் வெளியிலிருந்து வருவதில்லை. காற்றில் புடைத்தெழும் துறவியின் அங்கி மடிப்புகளிலிருந்தே பிறக்கின்றன. அதன்முன் யேல் ஓவியத்துப் பெண்ணின் சிறகு யாருடையது என்று எனக்குப் புரிந்தது.

தங்கையை மட்டும் நான் பார்த்த எந்தச் சோதனை ஓவியத்திலும் காணவில்லை. வரலாற்றின் பிற்பகுதியில் மலையிலிருந்து இறங்கிவரும் அந்தோனியார் அவளை மறுபடி சந்திக்கிறார். அவள் முதியவளாகியிருக்கிறாள், மற்றக் கன்னியருக்குத் தலைவியாக இருக்கிறாள்.