ஆற்றின் மேல் ஓடும் ரயில்: வூப்பெற்றால் நகரின் போக்குவரத்து வரலாறு

ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோவிலுக்குக் கொலோன் பக்கமிருந்து விரைவு ரயிலில் செல்லும் நம்மவர்கள், வழியில் வூப்பெற்றால் என்ற நகரைக் கடந்து செல்வதுண்டு. பெரும்பாலானோர் அங்கு இறங்குவதில்லை. ஆனால் நகரங்களின் போக்குவரத்து பற்றி அறிய ஆர்வமுள்ள எவரும் ஒரு தடவையாவது இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர் அது. ஏறக்குறைய மூன்றரை இலட்சம் மக்கள் வாழும் இந்த நடுத்தர நகரில், ஆற்றுக்கு மேலே தலைகீழாகத் தொங்கியபடி ஓடும் ரயில் 1901 முதல் சேவையில் உள்ளது. புகையிரதம் என்ற நம் நாட்டு வழக்குச் சொல் இதற்குப் பொருந்தாது. தொடக்கம் முதலே இது மின்சாரத்தில் இயங்கியது. ஆகவே தொங்கு ரயில் என்றே குறிப்பிடுகிறேன்.

இப்படியொரு விசித்திரமான ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? விடை நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. வூப்பர் என்பது பெரிய ஆறன்று. இருபுறமும் குன்றுகள் நெருக்க, குறுகிய பள்ளத்தாக்கில் வளைந்து வளைந்து ஓடுவது. அதன் நீர் நூலை வெளுக்க ஏற்றதாக இருந்ததால் அக்கரைகளில் துணித்தொழில் வளர்ந்தது. 1527இல் அப்பகுதியை ஆண்ட பிரபு, நூல் வெளுக்கும் தனியுரிமையை எல்பர்பெல்ட், பார்மென் ஆகிய ஊர்களுக்கு வழங்கினார். மூன்று நூற்றாண்டுகளில் அவை புகைபோக்கிகள் நிறைந்த தொழில் நகரங்களாக மாறின. கார்ல் மார்க்ஸின் தோழரான பிரெடெரிக் ஏங்கெல்ஸ் 1820இல் பார்மெனில் ஓர் ஆலை முதலாளியின் மகனாகப் பிறந்தவர். சாயக் கழிவுகளால் சிவந்து ஓடிய அந்த ஆற்றைப் பற்றியும், கரையோரத் தொழிலாளரின் துயரம் பற்றியும் அவர் 1839இலேயே எழுதினார்.

1900ஆம் ஆண்டளவில் இவ்விரு நகரங்களிலும் சேர்ந்து ஏறக்குறைய 3 இலட்சம் பேர் நெருங்கி வாழ்ந்தனர். டுசில்டோர்ப்பிலிருந்து வந்த ரயில் பாதை 1841இலேயே எல்பர்பெல்ட்டை எட்டியிருந்தது. ஆனால் அது நகரங்களுக்கிடையேயான பயணத்துக்குரியது. உள்ளூர்ப் பயணத்துக்கு 1874இல் குதிரைகள் இழுக்கும் ட்ராம் வந்தது. விரைவிலேயே அதுவும் போதவில்லை. வீதிகளை அகலமாக்க இடமில்லை. அடியில் சுரங்கம் தோண்டப் பாறையும் ஆற்று நீரும் தடை. கட்டடம் எதுவும் எழாத ஒரே வெளி ஆற்றின் மேற்பரப்புத்தான்.

அந்த வெளியைப் பயன்படுத்த வழி காட்டியவர் கொலோன் நகரின் ஒய்கன் லாங்கன். சீனி ஆலை முதலாளியான அவர், உள்ளெரி இயந்திரத்தின் முன்னோடியான நிக்கோலஸ் ஓட்டோவின் பங்காளியும் ஆவார். தொங்கு ரயிலை 1893இல் கொலோனில் பரீட்சித்துப் பார்த்தார். பெர்லின், மியூனிக் போன்ற பெருநகரங்கள் அதை ஏற்கவில்லை. இடநெருக்கடியில் தவித்த எல்பர்பெல்ட்டும் பார்மெனும் 1894இன் இறுதியில் ஒப்பந்தம் செய்தன. அடுத்த ஆண்டே லாங்கன் காலமானார். தன் கனவு ஓடியதை அவர் பார்க்கவில்லை.

1898இல் கட்டுமானம் தொடங்கியது. ஆற்றின் இரு கரைகளிலும் சாய்ந்த இரும்புக் கால்களை ஊன்றி, அவற்றின் உச்சியில் தண்டவாளத்தை அமைத்தார்கள். பெட்டியின் சக்கரங்கள் கூரைக்கு மேலே அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மீது ஓட, பெட்டி கீழே தொங்கும். வளைவுகளில் அது தானாகவே சாய்ந்து கொடுப்பதால், ஆறு எப்படி வளைந்தாலும் ரயிலும் கூடவே வளைந்து செல்ல முடிந்தது. 1900 ஒக்டோபர் 24இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தம் துணைவியாருடன் அதில் பயணம் செய்தார். 1901 மார்ச் முதலாம் திகதி பொதுமக்கள் சேவை தொடங்கியது. 1903இல் பாதை முழுமை பெற்றது. மொத்த நீளம் 13.3 கிலோமீற்றர், 20 நிலையங்கள். ஏறக்குறைய 10 கிலோமீற்றர் ஆற்றுக்கு மேலே சுமார் 12 மீற்றர் உயரத்திலும், எஞ்சிய பகுதி போவிங்கல் பக்கத்து வீதிகளுக்கு மேலே சுமார் 8 மீற்றர் உயரத்திலும் செல்கிறது. முழுப் பயணத்துக்கு அரை மணி நேரம் போதும்.

இரு நகரங்களும் அயலூர்களும் 1929இல் ஒரே மாநகரமாக இணைக்கப்பட்டு, மறு ஆண்டு வூப்பெற்றால் என்ற பெயரைப் பெற்றன. தொங்கு ரயில் மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் கூறவரவில்லை. ஆயினும் கால் நூற்றாண்டுக்கு மேலாக மக்களின் அன்றாட வாழ்வில் அந்த இணைப்பை நிகழ்த்தி வைத்தது அதுவே.

குன்றுகளில் ஏற வேறு வழிகள் தேவைப்பட்டன. பார்மெனில் 1894இல் ஓடத் தொடங்கிய மின்சாரப் பற்சக்கர ரயில் 1959இல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் பரந்து கிடந்த ட்ராம் பாதைகளும் பஸ்களுக்கு வழிவிட்டுச் சுருங்கின. கடைசி ட்ராம் 1987இல் நின்றது. அயல் நகரான சோலிங்கனிலிருந்து மேற்கம்பி மின்சாரத்தில் ஓடும் பஸ் மட்டும் இன்றும் போவிங்கல் வரை வந்து தொங்கு ரயிலைச் சந்திக்கிறது. வட குன்றோரமாக 1879இல் திறக்கப்பட்ட மற்றொரு ரயில் பாதையில் பயணிகள் சேவை 1991இல் முடிவுற்றது. கைவிடப்பட்ட அப்பாதையை மீட்க 2006இல் குடிமக்களே அமைப்பொன்றைத் தொடங்கினார்கள். பழைய சுரங்கங்களும் உயர்பாலங்களும் புதுப்பிக்கப்பட்டு, 2014இல் ஏறக்குறைய 22 கிலோமீற்றர் நீளத்துக்கு நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரிய பாதையாகத் திறக்கப்பட்டது.

ஆக, மற்றவை வந்து போயின. தொங்கு ரயில் நிலைத்தது. 1943 மே, ஜூன் மாதங்களில் நேச நாட்டு விமானங்கள் பார்மெனையும் எல்பர்பெல்ட்டையும் எரித்தன. தொங்கு ரயிலும் சேதமடைந்தது. 1946இல் முழுப் பாதையும் மீண்டும் இயங்கியது.

1950 ஜூலை 21இல் நடந்த ஒரு சம்பவத்தைப் பத்திரிகையாளன் என்ற முறையில் சொல்லாமல் விட முடியாது. சர்க்கஸ் ஒன்றின் விளம்பரத்துக்காக டுஃபி என்ற யானைக்குட்டியைப் பெட்டியில் ஏற்றினார்கள். செய்தியாளர்களும் படப்பிடிப்பாளர்களும் முண்டியடித்து ஏறினார்கள். மிரண்ட யானை பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் பாய்ந்தது, சிராய்ப்புகளோடு தப்பியது. அத்தனை படப்பிடிப்பாளர்கள் இருந்தும் அந்தக் கணத்தை ஒருவரும் படமெடுக்கவில்லை. யானை விழுவதாக உலகெங்கும் பரவிய படம் ஒட்டுவேலை. செய்தியைத் தேடிப் போனவர்களே செய்திக்குக் காரணமாகி, அதைத் தவறவும் விட்டார்கள்.

அடுத்த வீழ்ச்சியில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. விபத்தில் ஒரு பயணியைக் கூட இழக்காத ரயில் என்ற பெருமை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் வூப்பெற்றாலுக்கு இருந்தது. 1990களில் பழைய இரும்புச் சட்டங்களை மாற்றும் பெரும் பணி தொடங்கியது. சேவையை நீண்ட காலம் நிறுத்தாமல், வார இறுதிகளிலும் இரவுகளிலும் வேலை நடந்தது. 1999 ஏப்ரல் 12, திங்கட்கிழமை. வேலையின்போது சட்டத்தைத் தாங்குவதற்காகத் தண்டவாளத்தில் பொருத்திய இரும்புக் கவ்வி ஒன்று அகற்றப்படாமல் விடப்பட்டிருந்தது. காலையில் புறப்பட்ட முதல் ரயில் அதன் மீது மோதி ஆற்றில் விழுந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் 5 பேர் உயிரிழந்தனர். 47 பேர் காயமடைந்தனர்.

ரயிலைப் பாதுகாப்பாக வைத்திருப்பதற்காகச் செய்யப்பட்ட வேலையே அதை வீழ்த்தியது என்பதுதான் இந்த வரலாற்றில் மிகக் கசப்பான பகுதி. நூறாண்டு நின்ற இரும்பும் பிழைக்கவில்லை, லாங்கனின் திட்டமும் பிழைக்கவில்லை. அன்றிரவு வேலை முடிந்தபின் எவரும் ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை.

சட்டங்களை மாற்றும் பணி அதன் பின்னரும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2016 டிசம்பரில் புதிய நீலநிறப் பெட்டிகள் ஓடத் தொடங்கின. எனினும் 2018 நவம்பரில், பெட்டிகளுக்கு மின்சாரம் வழங்கும் தண்டு ஏறக்குறைய 350 மீற்றர் நீளத்துக்குக் கழன்று விழுந்தது. எவருக்கும் உயிராபத்து நேரவில்லை. ஆனால் 2019 ஓகஸ்ட் வரை சேவை நின்றது. சக்கரத் தேய்மானம் முதலிய சிக்கல்களால் 2020 ஓகஸ்ட் முதல் ஏறக்குறைய ஓராண்டு வார இறுதிகளில் மட்டுமே ரயில் ஓடியது. மற்ற நாட்களில் பதிலுக்கு விடப்பட்ட பஸ்கள், லாங்கனின் காலத்தில் நெரிசலாக இருந்த அதே பள்ளத்தாக்கு வீதிகளில் ஊர்ந்தன. ஆற்றின் மேல் பாதை போட்டவர்கள் எதைத் தவிர்த்தார்கள் என்பதை வூப்பெற்றால் மக்கள் அப்போது நேரில் அனுபவித்தார்கள்.

எங்கள் தொழிலில் திறப்பு விழாக்களுக்கு முதற்பக்கம் கிடைக்கும், விபத்துகளுக்கும் கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் இரவிரவாகத் திருகாணிகளை முடுக்குபவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பேரரசர் ஏறிய பெட்டி இன்றும் பேணப்படுகிறது. அதில் உல்லாசப் பயணம் போகலாம். ஆனால் வழமையாக நாளொன்றுக்கு 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுமக்கும் மற்றப் பெட்டிகள் பத்திரமாக ஓடுவது, அந்தப் பெயர் தெரியாத தொழிலாளரின் கவனத்தினாலும், அவர்கள் அவசரப்படாமல் வேலையை முடிக்க நிர்வாகம் கொடுக்கும் நேரத்தினாலுமே. இனி ஹம் நோக்கிப் போகும்போது நேரமிருந்தால் இடையில் இறங்கி ஏறிப் பாருங்கள். அண்ணாந்து அந்தத் தண்டவாளத்தையும் ஒரு தடவை பாருங்கள்.